வலப்பக்க நாற்காலி

பெரில் ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கிளெக் வந்தாச்சாடி?"

"வந்துடுவாரும்மா. மழையில்ல?"

"மூடி போடுறதுக்குள்ள வரச் சொல்லு. அந்தப் பாட்டக் கேக்காம உங்கப்பாவ நான் அனுப்ப மாட்டேன்."

முன்னறையில் திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். சவப்பெட்டியில் அப்பா ஹோரஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டது போல அவருடைய புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

பெட்டிக்கு இடப்புறம் அவருடைய மிதி பியானோ நின்றது. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டிக் காலால் மிதித்தால் கட்டைகள் தாமாக இறங்கி ஏறி வாசிக்கும். ஹாலிபாக்ஸ் வட்டாரத்தில் எவர் வீட்டுப் பரணில் பழைய சுருள் கிடைத்தாலும் ஹோரஸிடம்தான் எடுத்து வருவார்கள். அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவே மாட்டார். பழைய சாமான் கடைக்காரன் எந்தச் சுருளை எந்தப் பெட்டியில் திணிப்பான் என்று யார் கண்டது? காகிதத்தின் நிறம், உருளையின் முனை, தலைப்பில் ஒட்டிய சீட்டு, இவற்றைப் பார்த்துத்தான் வருஷம் சொல்வார். சொந்த மைத்துனியின் கல்யாணத்துக்கு வந்த சுருளையும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அது எந்த வருஷத்துச் சரக்கு என்று போட்டு உடைத்த புண்ணியவான்.

அம்மாவுடைய வால்ட்ஸ் நடன இசைச் சுருளைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சே கிடையாது. அம்மா எட்னா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா முதல் உலகப் போருக்குப் போனார், திரும்பவில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்தச் சுருளைத்தான் மிதித்தாராம். ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா என்று எட்னாவுக்கு இருந்தது அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஹோரஸ் அதை ஒருமுறை விரித்துப் பார்த்து "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு" என்றார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆர்னால்ட் கிளெக் தொப்பியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் ஹோரஸின் கூட்டாளி. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து பாதிரியாரின் வருஷத்தைத் திருத்திய ஆள்.

"எந்திரிச்சு என்கூடச் சண்டைக்கு வருவான்னு பாக்குறேன் எட்னா. பய அசையமாட்டேங்குறான்."

"வந்தா நல்லாத்தான் இருக்கும் ஆர்னால்ட்."

கிளெக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் பியானோவின் வலப்பக்கம் போட்டார். "நீ இங்க உக்காரு. ஹோரஸ் பக்கத்துலயே இருக்கலாம்."

பெரில் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டைப்பெட்டியின் மேல் பச்சைச் சீட்டு, போருக்கு முந்தையது. கிளெக் சுருளை மாட்டி இரண்டு மிதி மிதித்தார். காகிதம் இறங்கியது. அதன் வலது ஓரத்தில் ஊதா மையில் ஒரு வார்த்தை வந்தது, பின்னாலேயே இன்னொன்று. சேர்ந்து பாடுவதற்கான பாட்டு வரிகள்.

கிளெக்கின் கால் நின்றுவிட்டது.

பெரிலும் பார்த்துவிட்டாள். அந்தக் கம்பெனி ஓரத்தில் வரிகளை அச்சடிக்க ஆரம்பித்தது போர் முடிந்த பிறகுதான். பால்குடி வயசிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? தாத்தா இதை மிதித்திருக்க வழியே இல்லை. அட்டைப்பெட்டி மட்டும்தான் பழசு. அப்பா இந்தச் சுருளைப் போடும்போதெல்லாம் அம்மாவை இடப்பக்கமே உட்கார வைத்தது அவள் நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் சன்னல் காற்று அடிக்கும் என்பார். சன்னல் இருந்ததோ இடப்பக்கம். அவளுக்கு அப்பா மேல் கோபம் வந்தது, கூடவே அழுகையும்.

"எட்னா, இந்த ரோலு..." என்று கிளெக் ஆரம்பித்தார்.

பெரில் அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். இன்றைக்கே அப்பாவோடு சேர்த்துத் தாத்தாவையும் அம்மா பறிகொடுக்க வேண்டுமா?

"என்ன ரோலுக்கு?" என்றாள் எட்னா.

கிளெக் சவப்பெட்டியைப் பார்த்தார். அந்தப் புருவத்தைப் பார்த்தார்.

"பதிமூணுதான். ஹோரஸ் சொன்னா தப்பா இருக்குமா?"

அந்த மனுஷர் வாயிலிருந்து தப்பான வருஷம் ஒன்று வந்து பெரில் கேட்டதே இல்லை. அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

எட்னா சவப்பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கிளெக் போட்ட நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, பியானோவைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் வைத்தாள்.

"ஏம்மா, அப்பா பக்கத்துல உக்காரலியா?"

"அங்க உக்காந்தா எழுத்து தெரியும்டி."

கிளெக் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "மிதிப்பா ஆர்னால்ட். வண்டி வந்துடும்."

கிளெக் மிதித்தார். பெரில் வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள். ஊதா எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கிச் சுருளுக்குள் போயின.