ஊருக்கே தெரியாத முகமூடிக்காரன்

என் தம்பிக்குப் பறக்கத் தெரியும். ஆனால் பகலில் கூரைக்கு ஓடு மாற்றப் போனால், ஏணியின் மூன்றாவது படியிலேயே கால் நடுங்குவதுபோல் நடிப்பான். கீழே நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப்பா, பாத்து!" என்று பதறுவார்கள். முந்தின நாள்தான் அவன் கோட்டைக் கோபுரத்துக்கு மேலே பறந்து, டிராகனை வாலைப் பிடித்துச் சுழற்றி ஏரியில் வீசியிருப்பான். அதே நாலு பேர்தான் அதையும் வாயைப் பிளந்து பார்த்திருப்பார்கள்.

பாதி முகத்துக்கு ஒரு கறுப்புத் துணி, தோளில் நான் தைத்துக் கொடுத்த சிவப்பு அங்கி. அவனுடைய மாறுவேடம் இவ்வளவுதான். மூக்கு, நடை, தும்மல் எல்லாம் அப்படியே இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றிவிட்டதாக நினைக்கிற மகா புத்திசாலி அவன்.

அந்த நினைப்பை நானும் ஊர்க்காரர்களும் கட்டிக் காத்ததற்குக் காரணம் இருந்தது. மந்திர சக்தி உள்ளவன் அரசரின் படைக்குப் போயாக வேண்டும். போனவன் எவனும் திரும்பியதில்லை. தெரிந்தும் மறைத்தவர்களுக்கு நிலவறை. "உன்னைத் தவிர இன்னொருத்தருக்குத் தெரிஞ்சாலும் நான் ஊரை விட்டுப் போயிடுவேன்கா. என்னால யாரும் சிறைக்குப் போகக் கூடாது" என்பான். எனக்கு இருப்பது அவன் ஒருவன். அதனால் ஊரும் நானும் சேர்ந்து ஆறு வருஷம் ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தோம்.

கெடுத்தவர் சலவைக்காரர். அங்கியை நானே துவைப்பதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு, அவரிடம்தான் ரகசியமாகக் கொடுப்பேன். அவரும் மற்றத் துணிகளுக்கு அடியில் வைத்து என்னிடம் தருவார். அன்றைக்குக் கதவைத் திறந்தது தம்பி. பழக்கதோஷத்தில் மனிதர் மூட்டையைப் பிரித்து, அங்கியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"தம்பி, கரியெல்லாம் போயிடுச்சு. டிராகன் எச்சில்தான் போகமாட்டேங்குது. அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நின்னு அடிப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். "வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"கொஞ்சம் பேருக்கு."

"அக்கா!"

"சரிடா. எல்லாருக்கும்."

அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். இரண்டு சட்டையை மூட்டை கட்டினான். கெஞ்சினேன், எருமை என்று திட்டினேன், எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பறந்தே போயிருக்கலாம், பகலில் அவன் சாதாரண ஆள் ஆயிற்றே, நடந்துதான் கிளம்பினான். நானும் சலவைக்காரரும் பின்னாலேயே ஓடினோம்.

கோட்டை வாசலில் அரசரின் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, முகமூடிக்காரன் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தம்பியும் வரிசையில் போய் நின்றான், நான் அவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"நெட்டையா குட்டையான்னுகூடத் தெரியாதுங்க. அவர் வந்தா பயத்துல கண்ணை மூடிக்குவேன்" என்றாள் ரொட்டிக்காரி. போன சண்டையின்போது கூரைமேல் ஏறிக் கைதட்டியவள் அவள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் புகுந்துகொண்ட சலவைக்காரரைப் பார்த்து, "சிவப்பு அங்கி ஏதாவது துவைக்க வந்துச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"என் ஆயுசுல அப்படியொரு துணியைத் தொட்டதில்லைங்க."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அவருக்கு வீட்டில் மூன்று சின்னப் பெண்கள். தம்பி அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முகமூடிக்காரன் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று அடுத்து அவனைக் கேட்டார் அதிகாரி.

தம்பி திரும்பி வரிசையைப் பார்த்தான். அத்தனை பேரும் அவசர அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்க" என்றான். "ஆனா, அவன் குடுத்து வச்சவன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, மூட்டையோட நிக்கிறியே. வெளியே போறியா?"

"இல்லைங்க. நான் இந்த ஊர்க்காரன். எங்கேயும் போகலை."

அவ்வளவு பேர் நடுவில் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "இந்தம்மா எதுக்கு அழறாங்க?"

"தெரியாதுங்க!" என்றது ஊர்.