பனி ஊருக்குப் போன சகுவாரோ

மலையின் தெற்குச் சரிவில் சகுவாரோக் கள்ளிகள் கூட்டம் போட்டு நிற்கும். வடக்குச் சரிவில் தேடித்தான் பிடிக்க வேண்டும், குளிர் ஆகாது. பிறந்த சோனோரா பாலைவன மண்ணிலேயே இவ்வளவு பிகு பண்ணுகிற கள்ளியை, டெல்ஃபினாவின் தங்கை வெர்னா டென்வருக்குக் கொண்டு போனாள். அங்கே வருஷத்தில் பாதி பனி.

"அது நம்ம சொந்தக்காரங்கடி. சொந்தக்காரங்களை யாராவது ஐஸ் பெட்டியில வைப்பாங்களா?" என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். அவர்கள் சனத்துக்குச் சகுவாரோவும் ஒரு மனுஷப் பிறவிதான்.

"வீட்டுல ஹீட்டர் இருக்குக்கா."

ஹீட்டர் இருக்கும்போது சூரியன் எதற்கு! பச்சைப்பட்டை மரத்தின் நிழலில் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த பிள்ளைக் கள்ளியைத் தோண்டி, புருஷனின் காரில் பெல்ட் மாட்டி உட்கார வைத்து, அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குப் போட்டோ வந்தது. கள்ளியின் தலையில் கம்பளிக் குல்லாய், பக்கத்தில் வெர்னா. டெல்ஃபினா அதை ஊர் முழுக்கக் காட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் போட்டோ வரவில்லை.

இந்த ஜூனில் பழம் பறிக்கக் கூடாரம் அடித்து, நீளக் கழியும் கையுமாக டெல்ஃபினா நின்றபோது வெர்னா வந்து இறங்கினாள். புருஷன் இல்லை. பெரிய சூட்கேஸ் ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்று. பெட்டிக்குள் அழுகிக் காய்ந்து, விலா எலும்பு தெரியக் கிடந்தது பிள்ளைக் கள்ளி.

"குல்லாய் எங்கடி? போர்த்திப் புதைக்கலாமே."

"சொந்தத்துல சாவுன்னு ஆபீஸ்ல லீவு கேட்டேன். மலர்வளையம் அனுப்பறோம், விலாசம் குடுன்னாங்க."

"கள்ளிக்காடுன்னு எழுதிக் குடுக்கறதுதானே? தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்த ஊர் இதுக்கு ஆகாது, ஒரு நாள் முழுக்க உறைஞ்சாப் போச்சுன்னு."

"ஆமாக்கா. கள்ளிக்கு ஆகாதுன்னு அவ்வளவு சொன்னே. எனக்கு ஆகுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

டெல்ஃபினாவுக்கு அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. குல்லாயைப் பார்த்து அப்படிச் சிரித்தாளே, பக்கத்தில் நின்ற தங்கையின் முகத்தைப் பார்த்தாளா? வெட்கமாக இருந்தது.

கழியை நீட்டி ஒரு பழத்தைத் தள்ளினாள். முதல் பழத்தின் சதையை நன்றி சொல்லித் தன் நெஞ்சில் தொட்டுக்கொள்வதுதான் வழக்கம். அதைத் தங்கையின் நெஞ்சில் வைத்தாள். பழத்தின் தோலை, மழை வரட்டும் என்று, சிவப்பு உட்புறம் வானத்தைப் பார்க்கத் தரையில் வைத்தாள்.

பிறகு பச்சைப்பட்டை மரத்தடியில் கிடந்த தன் மடக்கு நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ அந்த நிழல்ல உக்காரு. சின்னதெல்லாம் அங்கதான் பிழைக்கும். திரும்பிப் போறேன்னு மட்டும் சொன்னே, அந்தக் குல்லாயை உனக்கே மாட்டி விட்டுருவேன்."