முந்தி விழுந்த தாளம்

பாலைக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று கொங்கு நாட்டுக்குள் புகுந்து, ஆனைமலைச் சாரலை அள்ளிவந்து பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் மேல் இறைத்துவிட்டு, தாராபுரத்துப் புன்செய் நிலங்கள் வரைக்கும் ஓடி ஆங்காங்கே நின்ற காற்றாலைகளையெல்லாம் விடாமல் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், வெள்ளியங்கிரி மலை முகில் போர்த்து முகங்காட்டாதிருந்தது. புதுநீர் கண்ட நொய்யல் செந்நிறங்கொண்டு பேரூரைக் கடந்து போயிற்று. அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் ஒன்றை மற்றொன்று அமுக்கிப் பாடின. கோவை மாநகரோ வாரமெல்லாம் உழைத்த களைப்பில் கறிக்கடை வாசலில் பையோடு நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இனிய பொழுதில், சுவை தேர்ந்த அன்பரே, வடவள்ளியில் ஒரு மாடிவீட்டில் நால்வர் வியர்த்து விறுவிறுத்து அமர்ந்திருந்தனர் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும், அவர்களுக்கு அன்று வயிற்றில் நெருப்பு.

நால்வருள் நடுவே அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவள் லோகப்பிரியா. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்காரர் குடும்பத்தில் பிறந்து, மணம் முடித்த கையோடு கணவன் மனோஜ்குமாருடன் நார்வே நாட்டுக் கடற்கரை நகராகிய பெர்கனுக்குப் போய், பன்னிரண்டு ஆண்டுகள் மழையிலும் பனியிலும் குடித்தனம் நடத்தி, முப்பத்தெட்டு அகவையை எட்டியவள். பகல் என்பதே மூன்று நாழிகைதானோ என்று ஐயுறத்தக்க ஒரு குளிர்காலத்தில், இசை கற்றே தீர்வது என்று அவள் பிடித்த பிடிவாதத்துக்குக் கணினித்திரை காட்டிய ஆசிரியர்தாம் பூஜிதா. பெர்கனில் விடியல் ஐந்து மணியானால் கோவையில் காலை ஒன்பதரை. வாரம் மூன்று நாள் என்று ஏழாண்டுகள் ஓடிப்போயின. ஆசிரியருக்கு இன்றைக்கும் இருபத்தொன்பது அகவைதான். ஆகவே மாணவி ஆசிரியரை ‘டீச்சர்’ என்பாள், ஆசிரியர் மாணவியை ‘அக்கா’ என்பார். கேட்பவர் சிரித்ததுண்டு, அவ்விருவரும் சிரித்ததில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு நகரத்து இசைமன்றத்தில், இதற்கென்றே பெர்கனிலிருந்து வந்திருந்த லோகப்பிரியாவின் அரங்கேற்றம். அந்த மேடையை வாங்குவதற்குள் பூஜிதாவின் செருப்பு தேய்ந்துவிட்டது. மன்றச் செயலாளர் அரங்கசாமி லேசில் மசிகிற ஆளல்லர். “பொட்டிக்குள்ள தெரியற மூஞ்சியப் பாத்துக் கத்துக்கிட்ட பாட்டுக்கெல்லாம் மேடை எதுக்குங்க அம்மணி?” என்று ஈராண்டு தட்டிக்கழித்தவர், மூன்றாம் ஆண்டில் மனமிரங்கி ஒரேயொரு மாலையைக் கொடுத்தார். கொடுக்கும்போதே கறாராகச் சொன்னார்: “இவங்க சுத்தமாப் பாடிப்போட்டா, உங்ககிட்ட வெளிநாட்டுல இருந்து கத்துக்கற மீதி ஒம்பது பேருக்கும் மேடை உண்டுங்க. சொதப்பிப்போட்டா இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுங்க.” தன் ஒருத்தி குரலில் ஆசிரியரின் பெயரும் முகமறியாத ஒன்பது பேரின் வாய்ப்பும் தொங்குவதை லோகப்பிரியா நன்கறிவாள். அந்த அச்சத்தில் மூன்று நாளாய் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகையில் வந்து வாய்த்தது வினை. மத்தளம் வாசிக்க ஆனைமலையிலிருந்து ரவிக்குமார் வந்திருந்தார், வயலினுக்கு லாஸ்யா. ஏழாண்டில் முதன்முறையாகத் திரையின்றி நேரில், எதிரே பூஜிதா அமர்ந்து தொடையில் தாளம் தட்டினார். தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்து எழவேண்டிய பாட்டை, லோகப்பிரியா அதற்கு முன்னரே எடுத்தாள். ரவிக்குமார் விட்டுக்கொடுத்து விரைந்து வந்து சேர்ந்துகொண்டார். அவரது விரைவைக் கேட்டு அவள் இன்னும் முந்தினாள். இறக்கத்தில் மாடு மிரண்ட வண்டியைப் போல் பாட்டு கடகடவென்று ஓடிற்று. ஒருமுறை அன்று, இருமுறை அன்று, பத்துமுறை இப்படியே ஆயிற்று. ரவிக்குமார் வாசிப்பதை நிறுத்திக் கைத்துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நான் தட்டறதுக்கு முந்தியே நீங்க போய் நிக்கறீங்க. ரெண்டு மணிக்குள்ள இது நேராவலைன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. மேடையேறி என்ற பேரையும் கெடுத்துக்க முடியாதுங்க. ஆமா, இந்தத் தாளம் யாருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“டீச்சர் சரியாத்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க. நாந்தான் ஒழுங்காச் சாதகம் பண்ணலைங்க” என்றாள் லோகப்பிரியா.

அடடா, எவ்வளவு பெரிய பொய்! சுவர் மெலிந்த அடுக்ககத்தில் அண்டை வீட்டார் உறக்கம் கெடுமே என்று, மகிழுந்துக்குள் போய் அமர்ந்து, மூச்சுக்காற்று கண்ணாடியில் பனியாய்ப் படியப் படியக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே பாடியவள் அவள். ஏழாண்டில் அவள் விட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியர் மேல் ஒரு சொல் விழலாகாது என்பதற்காகப் பழியைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பொய்யைப் பூஜிதாவும் நம்பிவிட்டதுதான் கொடுமை.

“எத்தன தடவ சொல்றதுக்கா? என் கையப் பாத்துப் பாடுங்க!” என்று அவர் தொடை சிவக்க ஓங்கித் தட்டினார். ஓங்க ஓங்க லோகப்பிரியா முந்தினாள். அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

அவ்வேளையில் பூஜிதாவின் கைப்பேசி ஒலித்தது. அரங்கசாமிதான் பேசினார், முன்வரிசை நடுவில் குருவுக்கென்று தனி நாற்காலி போட்டிருப்பதாகவும், ஐந்தரைக்கெல்லாம் வந்து அமர்ந்துவிட வேண்டுமென்றும் அவர் விளக்கிக்கொண்டிருக்க, பூஜிதா எழுந்து மாடிப்படிக்குப் போனார். சும்மா இருப்பானேன் என்று ரவிக்குமார் மறுபடி மத்தளத்தைத் தொட்டார். எதிரே தட்டும் கை இல்லாததால் லோகப்பிரியா தன் கையையே தொடையில் வைத்துத் தாளமிட்டுப் பாடினாள். பாட்டு விழவேண்டிய இடத்தில் சொட்டு நீர் விழுவதுபோல் விழுந்தது. லாஸ்யா வில்லை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மறுமுறையும் சரி. மூன்றாம் முறையும் சரி. பூஜிதா திரும்பிவந்து எதிரே அமர்ந்து கையைத் தூக்கினார். வண்டி மீண்டும் மிரண்டது.

ரவிக்குமார் தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறந்தார். “சொல்லக் கூடாதுங்க டீச்சர். ஆனா சொல்லாம இருக்கவும் முடியலைங்க. நீங்க வெளிய போனாப் பாட்டு நேரா வருது. உள்ள வந்தா ஓடுதுங்க.”

பூஜிதாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எழுந்து போய்விடுவாரோ என்று லோகப்பிரியா அஞ்சினாள். அவர் போகவில்லை, நெடுநேரம் தன் வலக்கையையே பார்த்திருந்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

“அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. என் கையப் பாத்துப் பாடும்போது நீங்க என்ன செய்யறீங்க?”

“உங்க கை விழறதுக்குக் கொஞ்சம் முந்தியே நான் விழுந்துருவேனுங்க டீச்சர். மொத வருசம் முச்சூடும் ‘பிந்துது, பிந்துது’ன்னு திட்டுனீங்களே. கொஞ்சம் முந்திப் பாத்தேன். நீங்க ‘ஆங், இப்பச் சரி’ன்னீங்க. அதையே பழகிக்கிட்டேனுங்க.”

பூஜிதா இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ அக்கா! என் கை உங்க திரைக்கு வந்து சேரவே அரை நொடி ஆகும். உங்க குரல் எனக்கு வர இன்னொரு அரை நொடி. பிந்துனது நீங்க இல்லக்கா, இன்டர்நெட்டு. ஏழு வருசமா நான் நெட்டுக்குத் தாளம் சொல்லிக் குடுத்திருக்கேன்!”

உண்மை அதுதான். கடல் கடந்து போன கையசைவு காலந்தாழ்ந்து போனது. மீண்டுவந்த குரல் அதனினும் தாழ்ந்து வந்தது. அத்தாழ்வைத் தன் குறையென்று எண்ணிய மாணவி, கோவையிலிருந்த ஆசிரியரின் செவிக்குச் சரியாகப்படுமாறு தன் பாட்டை முன்னே தள்ளித் தள்ளியே வளர்த்துவிட்டாள். பிறர் கை கண்ணெதிரே தாளமிட்டால் போதும், அவள் உடம்பு தானாக முந்திக்கொள்ளும். தனியே பாடும்போது ஒரு குறையும் இல்லை.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் நோயினும் கசந்தது. ‘குரு முன்னிலையில்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து இரண்டு வண்டிகளில் சுற்றமெல்லாம் புறப்பட்டாயிற்று. பூஜிதா முன்னே அமர்ந்தால் பாட்டு கெடும். வராமல் போனால், மாணவியின் மேல் நம்பிக்கையற்று ஆசிரியரே ஒளிந்துகொண்டார் என்று அரங்கசாமி முதற்கொண்டு ஊரே பேசும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது அதுதான். “நீங்க இல்லாத மேடையில நான் ஏற மாட்டேனுங்க டீச்சர். வேணும்னா எல்லாத்தையும் நிறுத்திப்போடலாம்” என்று லோகப்பிரியா விசும்பினாள். மணி ஒன்றே முக்கால்.

பூஜிதாவின் பார்வை மூலையில் உறையிட்டுச் சாய்த்திருந்த தம்பூராவின் மேல் போயிற்று. மேடையில் பாடுவோரின் முதுகுப்புறம் அமர்ந்து தம்பூரா மீட்டுவது மாணாக்கரின் வேலை. ஆசிரியர் எவரும் தம் மாணவிக்குப் பின்னே அவ்விடத்தில் அமர்ந்ததாக அம்மன்றத்தில் எவரும் கண்டதில்லை.

“தம்பூரா போட வர்ற பொண்ண வர வேண்டாம்னு சொல்லிருங்க. நான் உக்காந்துக்கறேன்” என்றார் பூஜிதா.

“குருவப் பின்னால உக்கார வெச்சுட்டு நான் முன்னால பாடறதுங்களா? எங்க சனம் என்னைய என்ன பேசும்?”

“பேசட்டுங்கக்கா. ஒரு கை தண்டுல, ஒரு கை தந்தியில. தாளம் போட எனக்குக் கையே இருக்காது. உங்களுக்கு அதுதான் வேணும்.”

மாலை ஆறு மணிக்குத் திரை விலகியபோது அரங்கு நிரம்பியிருந்தது. குருவுக்கென்று இட்ட நாற்காலி வெறுமையாயிருக்க, அந்தக் குருவே மாணவியின் முதுகுக்குப் பின் தம்பூராவோடு அமர்ந்திருக்கக் கண்டு, தேன்கூட்டில் கல்லெறிந்தாற்போல் அவை முணுமுணுத்தது. அரங்கசாமியின் புருவம் ஏறிற்று. லோகப்பிரியா முதற்பாட்டைத் தொடங்கினாள். தன் கை, தன் தாளம். ரவிக்குமார் அவள் கையைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். பாட்டு நேராகச் சென்றது. அப்பாடா என்று அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள்.

முன்வரிசை முழுதும் கைகள்! கோவைச் சுவைஞர்கள் சும்மாவா அமர்ந்திருப்பார்கள்? அரங்கசாமியில் தொடங்கி வரிசைக் கடைசி வரைக்கும் முப்பது கைகள் முப்பது தொடைகளில் தாளமிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கையை நீக்கப் பின்னே போய் அமர்ந்தார் ஆசிரியர். முப்பது கைகளை யார் நீக்குவது? ஒத்திகையில் மிரண்ட அந்தப் பாட்டுத்தான் இரண்டாவது; அதை எடுக்கவேண்டிய இடம் நெருங்கியது. அவள் தொண்டைக்குள் குரல் முந்திக்கொண்டு துடித்தது. திரும்பிப் பார்க்கலாமா? பார்த்தால் தொலைந்தது. கண்ணை மூடினால் அச்சம் இன்னும் பெருகியது. பின்னே பூஜிதாவோ, மாணவியின் பிடரி விறைப்பதைக் கண்டும் ஒன்றும் செய்ய இயலாதவராய், தம்பூராவை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தார்.

லோகப்பிரியா தலைகுனிந்து தன் வலக்கையைப் பார்த்தாள். ஏழாண்டுகளாக அவள் பார்க்க மறந்த கை. அது தட்டியது. முந்தத் துடித்த குரலைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள், அந்த அரை எண்ணிக்கை ஒரு குளிர்காலம் அளவு நீண்டது, பிறகு எடுத்தாள். மத்தளமும் குரலும் ஒரே இடத்தில் வந்து இறங்கின. ரவிக்குமார் “பலே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அதன்பின் இரண்டு மணி நேரம் அவள் தன் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. “புள்ளைக்கு வெக்கம், தலையே தூக்க மாட்டேங்குது” என்று பொள்ளாச்சிச் சுற்றம் பூரித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து கைத்தட்டல் ஓய்ந்தபின் அரங்கசாமி பொன்னாடையுடன் மேடையேறி, ஒலிவாங்கியின் முன் நின்று மனந்திறந்து சொன்னார்: “பொட்டிக்குள்ள கத்துக் குடுக்கற பாட்டு இவ்வளவு சுத்தமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லீங்க. குருவுக்கு மொத மரியாதைங்க.”

பூஜிதா பின்னாலிருந்து எழுந்து வந்தார். வாய்மூடி அந்த ஆடையை வாங்கிக்கொண்டிருந்தால் ஒன்பது மேடைகளும் அவருக்கு அப்போதே உறுதி. அது லோகப்பிரியாவுக்குத் தெரியும், பூஜிதாவுக்கும் தெரியும்.

“இது என் பாடம் இல்லீங்க ஐயா” என்றார் பூஜிதா. “தாளத்த ஏழு வருசமா நான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். இன்னைக்கு மத்தியானந்தான் தெரிஞ்சுது. என் கை கண்ணுல பட்டா அக்கா தடுமாறுவாங்க, அதனாலதான் பின்னால உக்காந்தேன். தப்பு என்னோடது, திருத்திக்கிட்டது அவங்க.”

எல்லாம் போயிற்று என்றே லோகப்பிரியா எண்ணினாள். அடுத்த நொடியே அது அவளுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. தன்னினும் ஒன்பது அகவை இளையவர் என்பதையும், மூத்தவள் இளையவர் காலில் விழுவது தன் குலத்தில் வழக்கமன்று என்பதையும் எண்ணாமல், நானூறு பேர் காண அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தேம்பியழுதாள். பூஜிதாவும் அழுதுகொண்டே குனிந்து அவளைத் தூக்கினார்.

அரங்கசாமி கையிலிருந்த பொன்னாடையைப் பிரித்தார். பிறகு அதைப் பூஜிதாவின் தோளில் போர்த்திவிட்டு, ஒலிவாங்கியை மறந்து, வீட்டில் பேசுவதுபோல் கேட்டார்: “மீதி ஒம்பது பேரு எப்பங்க அம்மணி வாராங்க?”

அன்பரே, கற்பிப்பவரின் பிழை கற்பவரின் உடம்பில் குடியேறி, அங்கே நற்பழக்கம் என்று பெயர் வாங்கிக்கொண்டு நெடுங்காலம் வாழும். அதை அறிந்த அன்றே மேலிடத்தினின்று இறங்கி வந்து, கற்றவருக்குப் பின்னே அமர்ந்து, பலரறியத் தம் பெயரைச் சொல்லி அப்பழியை ஏற்க எத்தனை பேருக்கு மனம் வரும்? உங்களுக்கு எழுத்தறிவித்தவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; உங்களிடம் கற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள்.