பள்ளிக்கூடத்துக்குப் போன தரை

டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் தரையைத் தாங்களே கொண்டுவர வேண்டும். அங்கிருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை டவுன் பிள்ளைகளுக்குரியது. "ஒங்க ஆளுங்க கப்பல்ல இந்த நாட்டுக்கு வந்தப்போ தரை எதுவும் கொண்டு வரல்லையே" என்று தலைமையாசிரியர், மகளைச் சேர்க்க வந்த மாரியாயியிடம் அன்பாகவே எடுத்துச் சொன்னார். மாரியாயி தலையாட்டினாள்.

அன்று மாலையே, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்களுக்கிருந்த ஒற்றை அறையில் மகள் தவமணி படுக்கும் இடத்தை மண்வெட்டியால் சதுரமாக வெட்டி எடுத்தாள். சாணம் மெழுகிய தரை, பிளக்காமல் வந்தது. மறுநாள் முதல் தவமணி சும்மாடு கூட்டி அதைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினாள். வகுப்பு வாசலையொட்டி அதை இறக்கி, வெளியிலிருந்து நேராக அதன்மேல் ஏறி உட்காருவாள். முன்னாலிருக்கும் தலைகளுக்கு நடுவே கரும்பலகை பாதிதான் தெரியும்.

கரும்பலகையைவிட அந்தச் சிவப்புத் தரைமேல்தான் அவளுக்கு ஆசை. அதன் பளபளப்பில் கூரை தெரியும். ஒருநாள் மதிய இடைவேளையில் கால் கட்டைவிரலை மட்டும் மெல்ல அதில் இறக்கினாள். தரை, மலையூற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.

"சேர், தோட்டத்துப் புள்ள நம்ம தரைய மிதிச்சிட்டா!" என்று டவுன் பையன் ஒருவன் ஆசிரியரைக் கூப்பிட்டான்.

ஆசிரியர் அவளை அடிக்கவில்லை. விரல் பட்ட இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் வாசலை நோக்கி ஓடியது. தவமணியின் தரை கரைந்து படிவழியே இறங்கிப் போனது. மிஞ்சிய பிடி மண்ணில் ஒற்றைக்காலில் நின்று மீதிப் பாடத்தைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் இனிமே போகல்லம்மா" என்றாள்.

"ஏன்டி?"

"இன்னொரு துண்டு வெட்டினா தம்பிய எங்க படுக்கப் போடுவ?"

"தோள்ல போட்டுக்குவேன்."

"அப்பா?"

"அவரு ராவெல்லாம் குந்திக்கிட்டு இருமுறாரு. அதுக்கு வாசப்படி போதும்."

"நீ?"

"நின்னுக்கிட்டே கொழுந்து பறிச்சுப் பழகின கால்டி இது. நீ உக்காந்து படி."

தவமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவப்புத் தரையின் குளிர் இன்னும் விரலில் இருந்தது. விடிவதற்குள் மாரியாயி அறையின் தரை முழுவதையும் வெட்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தாள். இவ்வளவு தடிமன் இருந்தால் சீக்கிரம் கரையாது என்றாள். தவமணியால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

அன்று வகுப்பில் அவள் எல்லோரையும்விட உயரமாக உட்கார்ந்திருந்தாள். கரும்பலகை முழுவதும் தெரிந்தது. 'இது எங்கள் வீடு' என்று எழுதியிருந்தது. அதை வாய்க்குள் பலமுறை வாசித்தாள்.

மாலையில் மலையேறி வந்தபோது, அடியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால் அவர்களுடைய அறை லயத்திலிருந்து கழன்று கொய்யா மர உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஆட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றால் அப்பா அறையை மரத்தோடு கட்டியிருந்தார். வாசற்படியில் அவர் குந்தியிருக்க, தம்பியைத் தோளில் போட்டபடி அம்மா சேலை முந்தானையைக் கீழே விட்டாள்.

"சிலேட்ட வாயில கவ்விக்கிட்டுப் பாத்து ஏறி வா. இன்னிக்கு என்னா படிச்ச?"

வாயில் சிலேட்டு இருந்ததால் மேலே போய்ச் சொல்லலாம் என்று தவமணி ஏறினாள். மரத்தடியில் அவள் இறக்கிவைத்த தரைமேல் ஆடு ஏறிப் படுத்துக்கொண்டது.