சாய்ந்த தரையில் ஒரு பணிமேடை

வெயில் வலி குன்றி, ஒருபுறத்து வீடுகளின் நிழல் மறுபுறத்து மதில்களை எட்டித் தொடும் பிற்பகற்பொழுது. ஒன்றையொன்று ஒத்த இரும்புக் கதவுகளும், அவற்றின் பின்னே உறங்கும் வண்டிகளுமாய் நீண்டு கிடந்த அத்தெருவில், பல் விழுந்த வாயைப்போல் வெறுமை காட்டித் திறந்திருந்தது ஒரே ஒரு வண்டிக்கொட்டில். படிப்போரே, அதனுள் நின்று, இழைத்து முடித்த பலகையை மீண்டும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கும் முதியவரை நோக்குக. கட்டட வரைவாளராய் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தவர். மயிரிழைப் பிழை நேரினும் தாளைக் கிழித்தெறிந்து முதலினின்று வரைந்தவர். வண்டியோட்ட மட்டும் கல்லாதவர்.

ஓட்டியவள் அவர் மனைவி. வீடு கட்டிய நாளில், வண்டி கழுவும் நீர் உள்ளே தேங்கலாகாது என்று அவள் சொல்ல, பின்சுவரிலிருந்து வாயில்வரை தரை மெல்லச் சரியுமாறு வரைந்து தந்தவர் அவரே. சென்ற மழைக்காலத்தில் அவள் மறைந்தாள். அழுதுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், தாம் அழவில்லை. பின்னர் வண்டியை விற்றார். தரையில் எண்ணெய்க் கறை எஞ்சியது. வண்டியில்லா வீட்டில் தனித்து வாழ்வது எங்ஙனம் என்று மகள் கேட்டுத் தன் இல்லத்திற்கு அழைத்தபோது, “கொட்டில்ல ஒரு வேலை இருக்கும்மா. அது முடியட்டும், வர்றேன்” என்று மட்டும் விடையளித்தார்.

அவ்வேலை, தச்சுக் கருவிகளை ஒழுங்குற வைப்பதற்கான பணிமேடை. முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் தனித்தனியே வரைந்து, நின்று இழைப்பவரின் மணிக்கட்டுக்கு ஒப்ப உயரம் குறித்து, கால்களைத் துளையும் அதனுள் செருகும் கழுந்துமாய்ப் பூட்டி, கீழே வாளுக்கும் இழைப்புளிக்கும் தட்டுகள் பொருத்தி, பருமனுக்கொன்றாய்த் திருகாணிகள் உறங்க இழுப்பறைகள் அமைத்தார். பசி எடுத்தால் உண்டார். கண் சொருகினால் படுத்தார். இடைப்பட்ட பொழுதெல்லாம் அறுத்தார். இடச்சுவரை ஒட்டி மேடையை நிறுத்தி மேலே சமம் காட்டும் ரசமட்டத்தை வைத்தபோது, தரையின் சரிவால் அதன் குமிழி நடுவில் நில்லாது ஒதுங்கிற்று. பிறரெனில் காலடியில் ஓர் ஆப்பைச் செருகியிருப்பர். ஆப்பு வைத்து நிமிர்த்துவது அவருக்கு அருவருப்பு. வாயிற்புறத்துக் கால்களிரண்டையும் கழற்றியெறிந்து, இருவிரல் நீளம் கூட்டிப் புதியன செய்து பூட்டினார். குமிழி நடுவில் வந்து நின்றது. மகிழ்ச்சியென்று எதுவும் தோன்றவில்லை. “சரி” என்றார், எவருமில்லாக் கொட்டிலில்.

வேலை முடிந்ததறிந்து மகளும் மருமகனும் அன்று வந்தனர். மருமகன் மேடையை ஒருமுறை குலுக்கிப் பார்த்தான்.

“மாமா, இது மேசையா, கோட்டையா? எங்க கல்யாண மேடைகூட இவ்வளவு கெட்டியா இல்லையே!”

“அந்த மேடை நீங்க ஏறினதுமே கிறீச்சுன்னுச்சு. பேச்சக் குறைச்சிட்டு ஒரு பக்கம் பிடிங்க” என்றாள் மகள். “அப்பா, இதையும் கூடவே எடுத்துட்டுப் போயிடலாம். அங்க உங்க அறையில சுவர் வலப்பக்கம் இருக்கு. இங்கயே திருப்பிப் போட்டுப் பார்த்துடுவோம். பிடிச்சிருந்தா நாளைக்கே லாரி சொல்லிடலாம்.”

இருவருமாய்த் தூக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி, எதிர்ச்சுவரோரம் வைத்தனர். மகள், தந்தையின் எழுதுகோலை எடுத்து மேலே வைத்தாள். அது உருண்டு, விளிம்பு கடந்து வீழ்ந்து, தரையிலும் உருண்டு வாயிலை நோக்கிச் சென்றது. எடுத்து வைத்தாள்; மீண்டும் உருண்டது.

“என்ன மாமா, கோணலா இருக்கு? நீங்களா செஞ்சீங்க?” என்றான் மருமகன், நகைப்பும் வியப்புமாக.

மகள் குந்தி அமர்ந்து கால்களைச் சாணால் அளந்தாள்.

“அப்பா, இந்த ரெண்டு கால் நீளமா இருக்கே.”

“தரை வாசல் பக்கம் இறங்குதும்மா. அதுக்குத் தக்கபடி வெட்டினேன்.”

“எங்க வீட்டுத் தரை சமம்தானே?”

“சமம்தான்.”

“அப்ப இது அங்க நேரா நிக்காது.”

முதியவர் மேடையருகே வந்து குனிந்தார். இல்லம்விட்டுச் செல்வேனென்று சொல்லிக்கொண்டே, இங்கன்றி எங்கும் நிமிர்ந்து நில்லாத ஒன்றைத் தம் கைகளே செய்து முடித்திருப்பதை, வேறெவரோ வரைந்த படத்தைப் பார்ப்பவர்போல் அப்போதுதான் கண்டார்.

“நிக்காது” என்றார்.

“ரெண்டு விரல்தானே? அறுத்துட்டாப் போச்சு. வாள் எங்க மாமா?”

முதியவரின் கை, நீண்ட காலொன்றை மெல்லப் பற்றிற்று. பற்றியதை அவர் அறிந்தாரல்லர்; மகள் அறிந்தாள்.

“அறுக்க வேண்டாங்க” என்றாள். “பழைய இடத்துலயே போட்டுடுங்க.”

“அப்ப லாரி?”

“லாரியும் வேண்டாம்.” எழுந்து கைத்தூசியைத் தட்டினாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்பா. கதவ மட்டும் பூட்டிக்கோங்க. போன் அடிச்சா எடுங்க.”

அவர்கள் சென்றபின், எண்ணெய்க் கறைமேற் கிடந்த எழுதுகோலை எடுத்து, முன்போலவே இடச்சுவரோரம் நின்ற மேடையின் நடுவில் வைத்தார். அது அசையவில்லை. துயர் வந்து சேரவில்லை, ஆறுதலும் வரவில்லை. கால்களின் குறையும் மிகையும் தரையின் சரிவோடு கணக்குத் தீர்த்துக்கொள்ள, மேலே பலகை மட்டும் நேராயிருந்தது. சரிந்த நிலத்தில் வாழ்வோர்க்கு நேர்மை என்பது அவ்வளவே போலும். தெருவின் நிழல்கள் ஒன்றாகும்வரை அவர் அங்கேயே நின்று, பின் ஓர் இழுப்பறையைத் திறந்து, எழுதுகோலை அதற்குரிய இடத்தில் வைத்து மூடினார்.