மண்ணுக்குப் பழகாத மெஷின்

கமர் நிஷா அக்காவின் ஒற்றைக் கம்மல் வயலில் விழுந்து நான்கு நாள் ஆகிறது. "பிச்சைக்கண்ணு, நீ பாத்தியாப்பா?" என்று முதல் நாள் கேட்டார். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் அதே கேள்விதான், ஆனால் என் மடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இருபது வருஷமாக அக்காவின் அந்த வயலில் மண்வெட்டி பிடிக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அக்காவின் தம்பி அலி அஸ்கர், சவுதியிலிருந்து கொண்டுவந்த மெஷினோடு வயலுக்கு வந்தார். அக்காவும் அவர் மகளும் கூடவே வந்தார்கள். நீளக் கம்பி, நுனியில் வட்டத் தட்டு. உலோகம் இருந்தால் கத்துமாம்.

"சவுதி மணல்ல ஒரு அடிக்குக் கீழ கெடந்த சில்லறையக் காட்டிச்சு வே!"

தட்டைத் தரையில் காட்டினார். கீ என்றது.

"தோண்டும்வே!"

தோண்டினேன். செம்மண். இரண்டு எட்டு தள்ளிக் காட்டினார். கீ. அங்கேயும் செம்மண்.

"பவரு பத்தல" என்று குமிழைத் திருகிக் கூட்டினார். அது இன்னும் கூடக் கத்தியது. மதியத்துக்குள் பதினாலு குழி. ஒரு சோடா மூடிகூடக் கிடைக்கவில்லை.

"வயலு பூரா தங்கமா இருக்குமோ வே?"

"இருந்தா நான் ஏன் அண்ணாச்சி மண்வெட்டி பிடிக்கேன்?"

அக்காவின் மகள் தஸ்லிமா பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். மெஷினோடு வந்த புத்தகத்தை அவள்தான் பிரித்துப் பார்த்தாள்.

"மாமா, இது மண்ணுக்கே கத்துது. செம்மண்ணுல இரும்புச் சத்து இருக்குல்லா? பவரக் கொறைங்க. வெறும் மண்ணுக்கு மேல தட்டைத் தூக்கித் தூக்கி எறக்கி, சத்தம் அடங்குத வரைக்கும் திருகணுமாம். மண்ணு மாறுனா மறுபடியும் மொதல்ல இருந்து."

"சவுதில இதெல்லாம் கெடையாது."

"நாம சவுதிலயா இருக்கோம்?"

அந்த வயலின் மண் எனக்குத் தெரியும். வடக்கே டிப்பரில் கொண்டுவந்து கொட்டிய செம்மண், நடுவில் களிமண், வாய்க்கால் ஓரம் மணல். எது எங்கே முடிகிறது என்று நான் சொல்லச் சொல்ல, அலி அஸ்கர் தொட்டில் ஆட்டுகிற மாதிரி தட்டை மேலும் கீழும் ஆட்டித் திருகினார். மெஷின் வாயை மூடியது. களிமண்ணுக்கும் அப்படியே பழக்கினார்.

அப்புறம் கீ என்றது. எனக்கு நேரே. நான் விலகினேன், அது என் பின்னாலேயே வந்து இடுப்புக்கு நேரே கத்தியது.

"மடிய அவுருலே" என்றார் அலி அஸ்கர். அதுவரை மரியாதைக்கு இருந்த 'வே' போய் 'லே' வந்துவிட்டது.

எடுத்துக் கொடுத்தேன். தகர டப்பா. திறந்து, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு" என்றார் அக்காவிடம். பிறகு என்னிடம், "வெத்தல இருக்கா வே?"

கம்மல் விழுந்த அன்று அக்கா எங்கே நின்றார் என்று யோசித்தேன். களிமண்ணில் நின்றுதான் என்னை ஏசினார். அவர் போனதும் அதே இடத்தில் களிமண் வெட்டி வாய்க்கால் மடையை அடைத்தேன்.

மெஷினைப் பிடுங்கிக்கொண்டு மடைக்கு ஓடினேன்.

"வே, பாத்து, பைய! சவுதி மெஷினு!"

ஈரத்தில் அது மறுபடி ஓலமிட்டது. கொஞ்சம் தள்ளி ஈர மண்ணில் வைத்துத் தூக்கி இறக்கித் திருகினேன். அடங்கியது. மடைமேல் காட்டினேன். கீ. சின்னதாக, சுத்தமாக, ஒரே ஒரு கீ.

கையை விட்டுக் களிமண்ணை இழுத்தேன். கம்மல் வந்தது. அதன் பின்னாலேயே வாய்க்காலும் வந்தது. தண்ணீர் பதினாலு குழியையும் வரிசையாக நிரப்பியது. மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிய அலி அஸ்கர், ஏழாவது குழியில் முழங்கால் வரை இறங்கினார்.

கம்மலைக் கழுவி அக்கா முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அக்கா, பாத்தியளா?"

மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"பாத்தேன்ப்பா, பாத்தேன்! எம்மேலதான் தப்பு. மொதல்ல அந்த மடைய அடை!"