நாற்பத்தெட்டு மில்லிமீற்றர்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. அந்தச் சுவர் இப்போது இல்லை.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் குளிர் புகாமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாளைக் கோதுமை மாப் பசையில் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய ஒரு தாளில், அடுப்புக்கு மேலே, ஒரு கட்டுரை இருந்தது. வளர்ந்துவரும் ஒரு நாடு தனக்கென்று சொந்தமாகச் சுப்பர் கம்பியூட்டர் செய்ய நினைத்தால் என்ன ஆகும் என்பது பற்றியது. முதல் இரண்டு பத்தி தெளிவாக இருக்கும். மூன்றாவது பத்தியில் புகை ஏறியிருந்தது. கடைசிப் பத்தியை மாதா படம் போட்ட கலண்டர் மறைத்திருந்தது. கலண்டரைத் தூக்கிப் பார்க்க ஒருபோதும் தோன்றவில்லை. எப்போதும் இருக்கப்போகிற சுவர்தானே என்ற நினைப்பு.

ஆகவே அந்த நாடு கடைசியில் கம்பியூட்டரைச் செய்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் நானே செய்யவேண்டியதாயிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அதிகாலைப் பனியில் மலை ஒரு வெள்ளைச் சேலையை—"

[வேண்டாம். மலை சேலை கட்டாது. இந்த மலை என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.]

இரண்டாவது தொடக்கம்:

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நாட்டின் முதல் சுப்பர் கம்பியூட்டரைப் பொருத்தினார்கள். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில், முன்பு கொழுந்து பரப்பிய இடத்தில், ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. மின்சாரத்துக்கு, கீழே அணைக்கட்டு. சூட்டைத் தணிக்கக் காற்றும் குளிரும். அது இங்கே இலவசம்.

இப்படி நாடு கட்டுவதற்கு முன்னால் நான் கட்டிவிட்டேன். அரைப்பக்கமும் கொஞ்சம் மையும்தான் போயின.

(ஏழை நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். சுவரில் இருந்த முதல் பத்தி சொன்னது இதைத்தான்: வெளிநாட்டு இயந்திரங்கள் உலகத்தைப் பெரிய பெரிய சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் மழை சொல்கின்றன. கடற்கரையும் மலையுச்சியும் ஒரே சதுரத்தில் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே மழைதான். சதுரத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் சொந்த இயந்திரம் வேண்டும். லயத்தளவு சின்னதாக.

சுப்பர் கம்பியூட்டர் என்றால் ஒரு ராட்சத மூளை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஆயிரம் சின்ன மூளைகளுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்து, எல்லாரையும் ஒரே நேரத்தில் மலையில் இறக்கிவிடுவது. கங்காணி வேலை. எங்கள் ஆட்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.)

இயந்திரத்தின் வேலை, எந்த மலை எப்போது சரியும் என்று சொல்வது. அதற்குப் பழைய மழை வேண்டும். பழைய மழை தோட்டங்களில் இருக்கிறது, ஆபீஸ் அலுமாரிப் புத்தகங்களில். இனி நிரோஜினி வரலாம்.

3

நிரோஜினிக்கு இருபது வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மா சுகிர்தம் தோட்ட ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள். அதோடு ஆபீஸுக்குப் பின்னால் புல்வெளியில் நிற்கும் மழைமானியைக் காலை எட்டரைக்கு அளப்பதும் அவள் வேலை. சுகிர்தத்துக்கு எழுத்து வராது. அளக்கிறது அம்மா, புத்தகத்தில் இலக்கம் போடுகிறது மகள். ஆறு வருடமாக இப்படித்தான்.

இந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. (தோட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்தப் பெயருள்ள தோட்டத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) காலை அளவு ஐம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் செங்குத்தான மலைகளில் ஆள் இறக்கக் கூடாது. முன்னொரு முறை மண் சரிந்து ஒருத்தி போனபிறகு வந்த நல்ல சட்டம். ஆனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, வந்து நின்றவர்களுக்கு அன்று பேர் விழாது, நாள் கூலி இல்லை. வந்த வழியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மழைமானிக்குள் இருக்கும் தகரக் கேனில் ஒரு நசுங்கல் உண்டு. தண்ணீர் அந்த நசுங்கலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அளவு நாற்பத்தெட்டு. மழை கூடிய நாளில் சுகிர்தம் கேனுக்குள் எட்டிப் பார்ப்பாள். அளவுக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு பக்கத்துத் தேயிலைத் தூரில் ஊற்றுவாள். நசுங்கல் தெரியும்வரை ஊற்றுவாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் துளி சிந்தாமல் அளப்பாள்.

"நாப்பத்தெட்டு. எழுது."

"ஊத்துனது?"

"ஊத்துனது ஊத்துனதுதான். கேன்ல இருந்தத அளந்தேன். அளந்தத நீ எழுதுற. இதுல பொய் எங்க இருக்கு சொல்லு?"

"அம்மா, மூணு கிளாஸ் ஊத்துனீங்க."

"அங்க பாரு, இருபது பொம்பளைங்க மழைக்குக் கொங்காணிய தலைல போட்டுகிட்டு நிக்கிறாங்க. அவங்ககிட்ட போயி சொல்லு உன் மூணு கிளாஸ."

வேலிக்கு அப்பாலிருந்து அழகம்மா கத்துவாள். அவள் கொழுந்தெடுக்கிறவள், வாய்க்காரி. "என்னா சுகிர்தம், இன்னிக்கி மானம் எவ்வளவு குடுத்துச்சி?"

"நாப்பத்தெட்டு!"

"அடி ஆத்தா! போன ஜென்மத்துல வானத்துக்குப் பொண்டாட்டியா இருந்தியா நீ? சொன்ன சொல்ல மீறாம பெய்யுதே!"

பெண்கள் சிரித்துக்கொண்டே மலைக்கு இறங்குவார்கள். ஆபீஸ்காரர்களுக்கும் தெரியும். நசுங்கல் சுகிர்தத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. கொழுந்து வந்தால் சரி.

நிரோஜினி இலக்கத்தைப் போட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்து, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, திகதி போட்டு, ஊற்றிய கண்ணாடிகளுக்குக் கோடு போடுவாள். ஒரு கண்ணாடி பத்து மில்லிமீற்றர். மூன்று கண்ணாடிக்கு மூன்று கோடு. ஏன் போட்டாள்?

[இங்கே ஒரு காரணம் எழுதியிருந்தேன்: "உண்மையை யாராவது வைத்திருக்கவேண்டும் என்று அவள்—". வெட்டிவிட்டேன். அவள் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை. எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.]

4

திலக்ஷன் வருகிறான். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். மிகவும் நல்லவனாக வந்துவிட்டான். இரண்டு முறை கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கெட்டவன் என்றால் கதை சுலபமாகிவிடுகிறது.

கந்தப்பளையில் லயத்தில் பிறந்து எஞ்சினியரானவன். நோட்டன் பிரிட்ஜ் இயந்திரத்துக்கு மழை சேகரிக்கத் தோட்டம் தோட்டமாக ஏறுகிறான். ஆபீஸில் நாற்பது வருடப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தான். இரண்டாம் நாள் அவன் முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா, எத்தன தோட்டம் பாத்துட்டேன். எலி தின்னது, கறையான் தின்னது, ஞாயித்துக்கிழம எழுதாம வுட்டது. இங்க ஒரு நாள் கூட வுடல. டிசம்பர் நத்தாருக்குக் கூட இருக்கு!"

"நத்தாருக்கும் மழ பெய்யுந்தானே தம்பி," என்றாள் சுகிர்தம்.

"எங்க மிசினுக்கு இந்த மாதிரி புத்தகம்தான் சாப்பாடு. இந்தக் கடைசி ஆறு வருசக் கையெழுத்து யாரோடது?"

"மகதான். பேசமாட்டா. எழுத்து மட்டும் முத்து முத்தா வரும்."

"தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? நாப்பத்தெட்டு நெறைய இருக்கே. ஏன்?"

நிரோஜினி தரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று பதில் சொல்லாமல் கையை மட்டும் தூக்கியவள் அவள். அம்மா துடைப்பத்தை மாற்றிப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் மழ அப்படித்தான் தம்பி," என்றாள் அம்மா. "ஐம்பதத் தாண்டாது. மாதா காப்பாத்துறா."

திலக்ஷன் தலையாட்டினான். "மலைக்கு மறைவுப் பக்கம் போல" என்று தன் கணினியில் குறித்துக்கொண்டான். அவனுக்குப் பிழை தெரிந்திருக்கவேண்டும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அவனுடைய அம்மாவும் கொழுந்தெடுத்தவள். நாட்டிலேயே மிகச் சுத்தமான புத்தகம் ஒரு லயத்துப் பெண்ணின் கையில் இருக்கிறது என்பதை அவன் நம்ப ஆசைப்பட்டான். அதைப் பொய்யாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை நிரோஜினி கொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் படிவரை போனாள். திரும்பி வந்தாள். பின்பக்கத்தைக் கொடுத்தால் அம்மாவின் வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். அது ஒரு காரணம். இன்னொன்று சிறியது, சொல்லக் கூசுவது. தாளின் ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் அவள் எழுதிய கதை: அழகம்மாவின் புருஷன், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் நடை, அம்மாவின் சிலுவை. மழையைக் கிழித்துக் கொடுத்தால் கதையும் சேர்ந்து போகும். யாரோ படித்துவிடுவார்கள்.

5

நான்கு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் காலை எட்டரைக்குக் கேன் விளிம்புவரை நின்றது. சுகிர்தம் ஊற்றத் தொடங்கினாள். ஊற்றினாள், ஊற்றினாள். ஏழாவது கண்ணாடியில் நசுங்கல் தெரிந்தது.

"அம்மா."

"எழுது புள்ள. இன்னிக்கி மட்டும் எழுது. நாலு நாளா மழைல பாதி நாளோட திருப்பி அனுப்பிட்டாங்க, ஒருத்தருக்கும் முழுப் பேர் வுழல."

புத்தகத்தில் நாற்பத்தெட்டு. வீட்டுக்கு ஓடிப்போய்க் கொப்பியில் ஏழு கோடு போட்டேன் — போட்டாள்.

திலக்ஷன் அன்று ஆபீஸில் இருந்தான். இயந்திரத்தின் முதல் சோதனை. அளவை அனுப்பினான். ஒன்பது மணிக்குத் தோட்டத்தின் வரைபடம் அவன் கையில் நிறத்தோடு வந்தது. இரண்டாம் லயம் சிவப்பு, ஆபத்து. நான்காம் லயம் பச்சை, பயமில்லை. அவன் கண் கலங்கியது. "பாருங்க, லயம் லயமா சொல்லுது! நம்ம நாட்டு மிசின்!"

பத்து மணிக்குள் இரண்டாம் லயத்து ஆட்களைப் பாயும் பானையுமாக நான்காம் லயத்துக்கு ஏற்றினார்கள். ஒன்பது மாதக் கர்ப்பிணி நாகலெட்சுமியைச் சுகிர்தம் அங்கே இருந்த தன் காம்பராவுக்கே கூட்டிப்போய், தன் கட்டிலில் படுக்கவைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், கலண்டருக்குக் கீழே.

"பச்சையாமே அக்கா," என்றாள் நாகலெட்சுமி. "கம்பியூட்டரு சொல்லிருச்சாம்."

சுகிர்தம் அவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

6

முடிவுகள்.

(அ) நிரோஜினி கொப்பியைக் கொண்டுபோய்த் திலக்ஷனிடம் கொடுக்கிறாள். அவன் இலக்கங்களை மாற்றிப் போடுகிறான். நான்காம் லயம் சிவப்பாகிறது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். மலை வெறும் வீட்டின் மேல் விழுகிறது. பிறகு சுகிர்தத்தை ஆபீஸ் வாசலில் நிறுத்துகிறார்கள். பேர் விழுந்து பிழைத்த பெண்களே "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்கிறார்கள்.

இதை நாலு பக்கம் எழுதினேன். ஆனால் ஆபீஸ் படிவரை போய்த் திரும்பியவள் எந்தக் காலால் உள்ளே போனாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

(ஆ) தாள்களைக் கிழித்து அழகம்மாவிடம் கொடுத்தனுப்புகிறாள். மழையில் மை கரைந்துவிடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. வெட்டிவிட்டேன்.

(இ) அவள் ஒன்றும் செய்யவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பீலியில் தண்ணீர் சேறாக வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. லொறி கல் கொட்டுகிற மாதிரி ஒன்று. திரும்பிப் பார்த்தால் நான்காம் லயத்தின் கூரை, கூரையாகவே, முழுதாக, கொஞ்ச தூரம் கீழே நடந்து போகிறது. ஆபீஸிலிருந்த சுகிர்தம் பிழைத்துக்கொண்டாள். திலக்ஷன் வாசலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் இன்னும் பச்சை. கொப்பி நிரோஜினியின் சட்டைக்குள் இருந்தது, நனையவேயில்லை.

7

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. அது நான் பொருத்தியது. இருந்தது ஒரு டெலிபோன். டவுனிலிருந்து யாரோ சிங்களத்தில் "கீயத வெஸ்ஸ?" என்று கேட்டார்கள், மழை எவ்வளவு என்று. ஆபீஸில் புத்தகத்தைப் பார்த்து "நாற்பத்தெட்டு" என்றார்கள். "அப்படியென்றால் பயமில்லை" என்று வைத்துவிட்டார்கள்.

சரியான இயந்திரம் ஒன்று இருந்திருந்தால் நாகலெட்சுமி உயிரோடு இருந்திருப்பாளா என்று பார்க்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். உலகத்தில் உள்ள எல்லாக் கம்பியூட்டரையும் கொண்டுவந்து அந்த மேல்மாடியில் அடுக்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கின்றன.

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. கொப்பியை உங்களுக்கே தருகிறேன். முன்பக்கம் படித்துவிட்டீர்கள்; இனி கூச்சப்பட ஒன்றும் இல்லை. பின்பக்கம் கடைசித் தாளில் இப்படி இருக்கும்:

அளந்தது: 48
ஊற்றியது: | | | | | | |

இதைக் கூட்டச் சுப்பர் கம்பியூட்டர் தேவையில்லை. திலக்ஷன் ஆபீஸில்தான் இருக்கிறான், கதவு திறந்துதான் கிடக்கிறது. நாகலெட்சுமி இப்போதுதான் பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். மணி பத்தே கால்.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.